ஒடிசியசின் சொந்த ஊர்

மத்திய அரசுப் பணியில் இருக்கும் நம்மவர் அனைவரும் ஒரு படிவத்தை அறிவர். பணியிற் சேர்ந்த புதிதில், 'சொந்த ஊர்' யாது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போய்வரும் விடுப்புப் பயணச் சலுகை அவ்வூரைக் கொண்டே கணக்கிடப்படும். ஒருமுறை எழுதிக் கொடுத்ததைத் தக்க காரணம் காட்டிப் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் டில்லியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தபோது, நாங்கள் அந்தக் கட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரை எழுதினோம். கை சிறிதும் தயங்கவில்லை.

சென்ற ஆண்டு அவ்வூர் வீடு விற்கப்பட்டது. தந்தையார் மறைந்தபின் அன்னையார் தம்பியுடன் கோவையில் குடியேறிவிட்டார். அலுவலகத்தில் விசாரித்தபோது, "அங்கே சொத்து உண்டா? நெருங்கிய உறவினர் உண்டா? இரண்டும் இல்லையென்றால் மாற்றி எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். கேட்டது நியாயமே. படிவத்தை வாங்கிப் பாதி நிரப்பி மேசை இழுப்பறையில் வைத்தோம். மறுபாதிக்குக் கை எழவில்லை. அந்நிலையில்தான், சேர்ந்துகிடந்த விடுப்பையும் சிறுகச் சேமித்த பணத்தையும் கொண்டு, நெடுநாள் எண்ணியிருந்த கிரேக்கப் பயணத்துக்கு இல்லத்தரசியாருடன் புறப்பட்டோம். அரசின் சலுகை நம் சொந்த ஊருக்கு உண்டே தவிர, ஒடிசியசின் சொந்த ஊருக்கு இல்லை. ஆதலின் செலவு முழுவதும் எங்களுடையதே.

ஏதென்சிலிருந்து பேருந்தில் பத்ராஸ் துறைமுகம், அங்கிருந்து கப்பல். கிரேக்கத்தின் மேலைக் கரைக்கு அப்பால் விரிந்து கிடப்பதற்கு அயோனியக் கடல் என்று பெயர். இப்பெயரைக் கேட்டதும், சங்கப் பாடல்கள் கூறும் 'யவனர்' என்ற சொல் இக்கடலிலிருந்து பிறந்ததோ என்று தமிழர் எவர்க்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு அதை இல்லத்தரசியாருக்குப் பெருமையுடன் விளக்கியும் விட்டோம். அது பிழை என்று பின்னர்த் தெரிந்தது. யவனர் என்ற சொல் சின்ன ஆசியாவின் கரையில் இருந்த அயோனியா என்னும் நாட்டைச் சார்ந்தது. அது கிரேக்கத்துக்குக் கிழக்கே உள்ளது. இரண்டு பெயரையும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தால் எழுதுவதால் வந்த மயக்கம் இது. கிரேக்க மொழியிலோ, நம் தமிழிற் போலவே, ஒகரத்துக்குக் குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்துகள். குறிலுக்கு ஒமிக்ரான், அதாவது சிறிய ஒ. நெடிலுக்கு ஒமேகா, அதாவது பெரிய ஓ. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோய்த்தொற்றின் பெயராகி நம் எல்லார் வாயிலும் அடிபட்ட அதே ஒமிக்ரான்தான். கடலின் பெயர் குறிலால் ஆனது. நாட்டின் பெயர் நெடிலால் ஆனது. குறில் நெடில் பிழைக்காகப் பள்ளியில் பிரம்படி வாங்கிய நாமே இதில் ஏமாறலாமோ?

கப்பல் எங்களைப் பிசாயெத்தோஸ் என்னும் துறையில் இறக்கியது. துறை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு சிமெண்டு மேடை, அதன் பின்னே செங்குத்தான மலைச்சரிவு, சரிவில் ஒரு பாதை, அவ்வளவே. ஊர் என்று ஒன்றும் இல்லை. உடன் இறங்கிய சிலர் தத்தம் வண்டிகளில் ஏறி மறைந்தனர். கப்பலும் திரும்பிவிட்டது. ஆளரவமற்ற அக்கரையில் நாங்கள் செய்த முதல் வேலை பெட்டிகளை எண்ணியதுதான். நான்கும் இருந்தன. எண்ணி முடித்த பிறகே நினைவுக்கு வந்தது, இதே தீவில் கரையேறிய ஒடிசியசும் முதன்முதலில் தன் பொருள்களையே எண்ணினான் என்பது.

ஒடிசியசின் கதையை நேயர்கள் பலர் கேட்டிருப்பீர்கள். ட்ராய் நகரப் போரில் 10 ஆண்டு, திரும்பும் வழியில் அலைந்து திரிந்தது 10 ஆண்டு. ஒற்றைக்கண் அரக்கன், பாடி மயக்கும் சைரன்கள், ஆடவரைப் பன்றிகளாக்கும் மாயக்காரி ஆகிய இவர்களே நம் நினைவில் நிற்பவர்கள். ஆனால் ஹோமரின் காப்பியத்தில் உள்ள 24 பகுதிகளுள், இந்தக் கடற்கதைகளை அவன் தன் வாயால் எடுத்துரைப்பது நான்கே பகுதிகளில். பதின்மூன்றாம் பகுதியின் தொடக்கத்திலேயே அவன் தன் தீவாகிய இதாக்காவை அடைந்துவிடுகிறான். அதற்குமேல் காப்பியம் பாதி கிடக்கிறது. அந்தப் பாதி பெரும்பாலும் இந்தச் சிறு தீவிலேயே நடக்கிறது. ஊரைச் சேர்வது ஒரு கதை என்றால், சேர்ந்தபின் அவ்வூரானாவது அதனினும் நீண்ட கதை.

அவன் சேர்ந்த விதமும் வியப்பானது. ஃபீயேசியர் என்னும் கடலோடி மக்கள் அவனைத் தம் கலத்தில் ஏற்றி வருகின்றனர். அவன் வழியெல்லாம் உறங்குகிறான். இருபது ஆண்டு ஏங்கிய கரை வந்தும் விழிக்கவில்லை. அவர்கள் அவனை விரிப்பும் போர்வையுமாகத் தூக்கி மணலில் கிடத்தி, பரிசுப் பொருள்களை ஓர் ஒலிவ மரத்தடியில் குவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விழித்தெழுகிறான். அத்தீனா என்னும் தெய்வம் தீவெங்கும் பனிமூட்டத்தைப் பரப்பியிருக்கிறாள். பாதை, துறை, பாறை, மரம் எதுவும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தொடையில் அறைந்துகொண்டு, இது எவர் நாடோ என்று புலம்புகிறான். ஏற்றி வந்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஐயுற்றுப் பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறான். ஒன்றும் குறையவில்லை. அப்போது ஆட்டிடைய இளைஞன் உருவில் அத்தீனா வருகிறாள். இது இதாக்கா என்கிறாள். அவன் உள்ளம் பூரிக்கிறது. வாயோ, "நான் கிரீட் தீவைச் சேர்ந்தவன்" என்று பொய் சொல்கிறது. சொந்த மண்ணில் நின்றுகொண்டு 'சொந்த ஊர்' என்ற கட்டத்தில் பொய் எழுதிய மனிதன் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். தெய்வம் அதற்குச் சினம் கொள்ளவில்லை, சிரித்தது.

அரைமணி நேரத்துக்குப் பின் ஒரு வாடகை வண்டி வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. இதாக்கா ஏறக்குறைய 96 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ளது. வடபாதி, தென்பாதி என இரண்டு மலைத்திட்டுகள். இடையே குறுகிய ஓர் இடுப்பு, மிகக் குறுகிய இடத்தில் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அவ்விடுப்பின்மேல் பாதை ஏறியபோது இரு பக்கமும் கடல் தெரிந்தது. பின்னர்ப் பாதை தெற்கே திரும்பியது. கீழே வாத்தி நகரம் தென்பட்டது.

வாத்தி என்ற பெயர் நம் செவிக்குப் பள்ளி ஆசிரியரை நினைவூட்டும். கிரேக்கத்தில் அதன் பொருள் 'ஆழம்'. நகரம் என்று சொன்னாலும் நம் நாட்டுக் கணக்கில் ஒரு பெரிய கிராமமே. தீவு முழுவதிலும் மக்கள் சுமார் மூவாயிரம் பேர்தாம். கடல் மலைகளுக்கிடையே நெடுந்தொலைவு உட்புகுந்து, குதிரை லாடம்போல் வளைந்து, வெளிக்கடலே தெரியாதபடி முடிகிறது. அவ்வளைவைச் சுற்றி வெண்மையும் வெளிர் மஞ்சளுமான வீடுகள், செவ்வோட்டுக் கூரைகள். நடுநீரில் லசரெத்தோ என்னும் சிறு திட்டு. வெனிஸ் ஆட்சியில் தொற்றுநோய் அஞ்சிக் கப்பலில் வந்தோரை அதில் தனித்து வைத்தனர். பின்னர் அது சிறையாயிற்று. இப்போது ஒரு சிறு கோயிலும் சில மரங்களுமே உள்ளன. நாங்கள் சென்றது செப்டம்பர் இறுதி. கோடைப் பயணிகள் போய்விட்டார்கள். மாலையில் கரையோரம் நடந்தால் நம் காலடி ஓசை நமக்கே கேட்கும். பார்ப்பதற்கு என்ன உண்டு என்று கேட்டால், அதிகம் இல்லை என்பதே நேர்மையான விடை. நான்கு நாள் இருந்தோம். நான்கு நாளும் போதவில்லை.

எங்களுக்கு அறை கொடுத்தவர் எண்பதை நெருங்கும் ஒரு மூதாட்டி. வாயிற்படியிலேயே எங்களை நிறுத்தி, ஒரு தட்டில் ரொவானி என்னும் இனிப்பை நீட்டினார். அரிசியும் தேனும் ஒலிவ எண்ணெயும் சேர்த்துச் செய்தது. இல்லத்தரசியார் ஒரு துண்டை வாயிலிட்டு, "வெல்லத்துக்குப் பதில் தேன், நெய்க்குப் பதில் எண்ணெய்" என்று தீர்ப்பளித்து, இரண்டாம் துண்டையும் எடுத்துக்கொண்டார். கிரேக்கத்தில் அந்நியனுக்கும் விருந்தினனுக்கும் சொல் ஒன்றே. நம் தமிழிலும் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாது புதிதாய் வந்தவனே விருந்து. அலுவலகத்தில் சுற்றறிக்கைகளையும் ஒப்பந்தப் புள்ளி அறிவிப்புகளையும் பெயர்த்துப் பெயர்த்துச் சலித்த மனத்துக்கு, இப்படி இரு மொழிகள் தாமாகவே பொருந்தி நிற்பதைக் காண்பது ஒரு சுகம்.

அம்மூதாட்டி நல்ல ஆங்கிலம் பேசினார், ஆஸ்திரேலிய ஒலிப்பு. அதன் காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் 1953-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு 9, 11, 12 ஆகிய நாட்களில் அயோனியத் தீவுகளைப் பெரும் நிலநடுக்கங்கள் தாக்கின. மூன்றாவதுதான் மிகக் கொடியது. அண்டைத் தீவான கெஃபலோனியாவில் சில இடங்களில் கரையே அரை மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. வாத்தியில் பெரும்பாலான வீடுகள் தரைமட்டமாயின. அவர் அப்போது ஆறு வயதுச் சிறுமி. ஞாயிற்றுக்கிழமை முதல் அதிர்ச்சி வந்ததுமே அவர் குடும்பத்தார் ஒலிவத் தோப்புக்குப் போய்ப் படுத்துக்கொண்டனர். அதனால் புதன்கிழமை வீடு விழுந்தபோது உள்ளே எவரும் இல்லை. "எழுந்த புழுதியில் துறைமுகமே தெரியவில்லை. புழுதி அடங்கியபின் பார்த்தால் ஊரே தெரியவில்லை" என்றார்.

இரண்டு ஆண்டு கழித்துப் பெற்றோருடன் கப்பலேறி மெல்போர்ன் சென்றார். அது புது வழி அன்று. இதாக்காவினர் அதற்கு வெகு முன்பே கடல் கடந்தவர்கள். தென்னாப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியவர்கள். மெல்போர்னில் அவர்கள் 1916-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் அமைத்தனர். அதற்கு யுலிசஸ் என்று பெயர். அது ஒடிசியசின் மறுபெயர். நான்கு தமிழர் கூடினால் ஒரு தமிழ்ச் சங்கம் அமைக்கும் நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

அவர் மீண்டும் இத்தீவில் கால் வைத்தது இருபது ஆண்டுக்குப் பின்பு. அதை அவர் சொன்னபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காப்பியத்தின் அதே இருபது. ஊர் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. தெருக்கள் இடம் மாறியிருந்தன. எதிரே வந்த ஒரு சிறுவனை நிறுத்தி, தம் பாட்டனாரின் தெரு எது என்று கிரேக்கத்தில் கேட்டாராம். அவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் விடை சொன்னானாம். "நான் நின்ற இடமே என் பாட்டனாரின் தெருதான்" என்று சொல்லிச் சிரித்தார். கணவர் காலமானபின் நிலையாகத் திரும்பிவிட்டார். "மெல்போர்னில் ஐம்பது ஆண்டு என்னைக் கிரேக்கக்காரி என்றார்கள். இங்கே என்னை ஆஸ்திரேலியாக்காரி என்கிறார்கள்" என்றார்.

நேயர்களே, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருந்து இதைக் கேட்கும் உங்களுக்கு விளக்கம் வேண்டுமா? இங்கே அண்டைவீட்டாருக்கு நாம் மதராசி. ஊருக்குப் போனால் பேருந்தைவிட்டு இறங்கும்போதே, "டில்லிக்காரர் வந்திருக்கிறார்" என்ற குரல் கேட்கிறது.

மறுநாள் ஒடிசியசை இறக்கிவிட்ட கரை என்று ஊரார் காட்டும் தெக்சியா வளைகுடாவுக்கு நடந்தே சென்றோம். ஒலிவ மரங்கள் சூழ்ந்த சிறு நீர்ப்பரப்பு. ஹோமர் மணல் என்கிறார், இருப்பதோ கூழாங்கல். இல்லத்தரசியார் செருப்பைக் கழற்றி நான்கடி நடந்து பார்த்து, "இதில் கிடத்தினால் கும்பகருணனும் விழித்துக்கொள்வானே" என்றார். மேலே மலையில், அவன் தன் பொருள்களை மறைத்து வைத்ததாகச் சொல்லும் நீரணங்குகளின் குகை உள்ளது. அதற்கு இரண்டு வாயில்கள், வடக்கே மானிடர்க்கு, தெற்கே தேவர்க்கு என்பது காப்பியம். வெயிலில் ஏறிச் சென்றோம். மானிடர் வாயிலில் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. தேவர் வாயில் கூரையில் ஒரு துளை என்றார்கள். அவ்வழி செல்லும் தகுதி எங்களுக்கு இன்மையால் இறங்கிவிட்டோம்.

இவ்விடத்தில் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். இந்த இதாக்காதான் ஹோமரின் இதாக்காவா என்பது அறிஞரிடையே தீராத வழக்கு. காப்பியத்தில் ஒடிசியஸ் தன் தீவு தாழ்ந்து கிடப்பது என்றும், இருள் திசையில் கடைசியாக உள்ளது என்றும், மற்றத் தீவுகள் ஞாயிறு எழும் திசையில் உள்ளன என்றும் கூறுகிறான். இன்றைய இதாக்காவோ மலைப்பாங்கானது. மேற்கே பெரிய கெஃபலோனியா அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே ஜெர்மானிய அறிஞர் டோர்ப்ஃபெல்டு, வடக்கேயுள்ள லெஃப்கதாதான் உண்மையான இதாக்கா என்றார். 2005-இல் பிட்டில்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், கெஃபலோனியாவின் மேற்குத் துண்டாகிய பாலிக்கி முற்காலத்தில் தனித் தீவாக இருந்தது, அதுவே இதாக்கா என்று நூல் எழுதினார். ஆனால் 'தாழ்ந்த' என்று பெயர்க்கப்படும் அச்சொல்லுக்கு 'நிலத்தை ஒட்டிய' என்று பொருள் கொள்ளலாம் என இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஸ்திராபோ என்னும் புவியியலாளர் வாதாடினார். இருள் திசை என்பதும் மேற்கன்று, வடக்கே என்றார் அவர். இரண்டு சொற்களின் பொருளை மாற்றினால் ஒரு தீவு இருந்த இடத்துக்கே திரும்பிவிடுகிறது! மொழிபெயர்ப்பாளன் பேனாவுக்கு இத்தனை வலிமை உண்டென்று எங்கள் பதவி உயர்வுக் குழுவுக்கு எவரேனும் எடுத்துச் சொன்னால் நன்று.

அறிஞர் வழக்கு எப்படி முடிந்தாலும், பழங்காலத்து மக்கள் தம் தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தீவின் வடபாதியில் ஸ்தாவ்ரோஸ் என்னும் சிற்றூர். அருகே போலிஸ் வளைகுடா. அதன் கரையில் இடிந்துபோன ஒரு குகையை 1930-களின் தொடக்கத்தில் சில்வியா பெண்டன் என்னும் அம்மையார் அகழ்ந்தார். வெண்கல முக்காலிகளின் துண்டுகள் கிடைத்தன. பன்னிரண்டு முக்காலிகளுக்கு உரியவை. அதற்கு முன் அதே இடத்தில் கிடைத்த ஒன்றையும் கூட்டினால் பதின்மூன்று. ஃபீயேசியர் தலைவர்கள் பன்னிருவரும் அவர்தம் மன்னனும் ஆளுக்கொரு முக்காலி கொடுத்தனர் என்கிறது காப்பியம், அதுவும் பதின்மூன்று. உடனே மயிர்க்கூச்செறிய வேண்டாம். அவை ட்ராய்ப் போர்க்காலமாகக் கருதப்படுவதற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டவை. எனவே அவை ஒடிசியசின் உடைமைகள் ஆகமாட்டா. கதையைக் கேட்டவர்கள் காணிக்கை வைத்தார்களோ, காணிக்கையைக் கண்டவர்கள் கதையில் சேர்த்தார்களோ, யாரே அறிவர்?

எங்களை நிறுத்தியது முக்காலி அன்று. ஸ்தாவ்ரோசில் உள்ள சிறிய அருங்காட்சியகத்தில், உள்ளங்கையளவு ஒரு சுடுமண் துண்டு இருக்கிறது. அதே குகையில் கிடைத்தது. ஒரு பெண்முகத்தின் உடைந்த பகுதி. கிறித்து பிறப்பதற்கு ஒன்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது. அதில் இரண்டு கிரேக்கச் சொற்கள் கீறியிருக்கின்றன. ஆங்கிலக் குறிப்பில் அதை ஏதோ சுற்றி வளைத்து எழுதியிருந்தார்கள். தமிழில் எழுதிப் பார்த்தோம். 'ஒடிசியசுக்கு நேர்த்திக்கடன்' என்று வந்தது. இரண்டே சொல், மூலத்திலும் இரண்டு, தமிழிலும் இரண்டு, ஒன்று கூடவில்லை, குறையவில்லை. இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் இவ்வளவு எளிதாக ஒரு தொடர் கைகூடியதில்லை. நம் ஊர்ப்புறத்து ஐயனார் கோயிலில் மண்ணுருவம் செய்து வைப்பவர் என்ன நினைந்து வைப்பாரோ, அதையே நினைந்து எவரோ ஒருவர் அக்குகையில் அதை வைத்திருக்கிறார். என்ன வேண்டிக்கொண்டாரோ! கடலிற் சென்ற மகன் திரும்பவேண்டும் என்றும் இருக்கலாம். இருபது ஆண்டு கழித்தேனும் ஊர் திரும்பியவனிடம் வேறு எதைத்தான் கேட்பார்கள்?

இன்று தம்மை இதாக்காவின் மண்ணின் மைந்தர் என்று கூறிக்கொள்பவரும் ஒரு காலத்தில் வந்து குடியேறியவர்களே. கடற்கொள்ளையராலும் படையெடுப்புகளாலும் தீவு ஏறக்குறைய ஆளற்றுப் போயிருந்தது. 1504-இல் வெனிஸ் ஆட்சியினர், வந்து குடியேறுவோருக்கு வரி இல்லை என்று அறிவித்து ஆட்களை வரவழைத்தனர். பின்பு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின. 1864-இல் கிரேக்க நாட்டுடன் இணைந்தது. மூதாட்டியிடம் 1504-ஐப் பற்றிச் சொன்னோம். "ஐந்நூறு ஆண்டு இருந்தால் ஊர்க்காரர், ஐம்பது ஆண்டு வெளியே இருந்தால் ஆஸ்திரேலியாக்காரி" என்று தோளைக் குலுக்கினார்.

கடைசி நாள் மாலை துறைமுகக் கரையில் ஒரு காப்பிக் கடையின் வெளியே அமர்ந்திருந்தோம். கவாஃபி என்னும் கிரேக்கக் கவிஞர் 1911-இல் இத்தீவின் பெயரால் ஒரு கவிதை வெளியிட்டார். அடையும் ஊரைவிட வழியே செல்வம் என்பது அதன் கருத்து. அவர் வாழ்நாளின் பெரும்பகுதியை எகிப்தில், அலெக்சாந்திரியாவில் கழித்தவர். அழகிய கவிதைதான். எனினும் அன்று மாலை அது எங்களுக்கு உவக்கவில்லை. வழிநெடுகக் கற்றவை எல்லாம் இருக்கட்டும். திரும்பி வந்தவனை எவர், எதைக்கொண்டு அடையாளம் காண்பது?

ஹோமரிடம் இதற்கு விடை இருக்கிறது. பிச்சைக்காரன் கோலத்தில் வந்த ஒடிசியசை எவரும் சொல்லாமலே அறிந்துகொண்ட முதல் உயிர், குப்பைமேட்டில் கிடந்த கிழநாய் ஆர்கோஸ். குரல் கேட்டு வாலை ஆட்டிற்று, எழ வலுவில்லை, இறந்தது. அடுத்து, கால் கழுவிய செவிலி காலில் இருந்த பழைய தழும்பைக் கண்டு அறிந்தாள். மனைவி பெனிலொப்பியோ எளிதில் நம்பவில்லை. கட்டிலை வெளியே எடுத்துப் போடு என்று பணிப்பெண்ணுக்கு ஆணையிடுவதுபோல் சோதித்தாள். அவன் சினந்தான், அக்கட்டிலின் ஒரு கால் வேரூன்றி நிற்கும் ஒலிவ மரம், அதை எடுப்பது எப்படி என்றான். அதன்பின்னரே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கடைசியில் தந்தை லேர்ட்டீஸ். தோட்டத்தில் கிழிந்த உடையுடன் மரத்தடி கொத்திக்கொண்டிருக்கும் முதியவர், அடையாளம் கேட்கிறார். தழும்பைக் காட்டிய ஒடிசியஸ் அத்துடன் நிறுத்தவில்லை. சிறுவனாய் உங்கள் பின்னே இத்தோட்டத்தில் நடந்து வந்து, இது என்ன மரம், இது என்ன மரம் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எனக்கென்று கொடுத்தீர்கள் என்று கூறி, கணக்கையும் சொல்கிறான். பேரிக்காய் மரம் 13, ஆப்பிள் மரம் 10, அத்தி 40, திராட்சை வரிசை 50. கிழவருடைய முழங்கால்கள் தளர்ந்துபோகின்றன. கல்லூரியில் படித்த நாளில் இப்பகுதியை ஏதோ பட்டியல் என்று புரட்டிவிட்டுப் போயிருக்கிறோம்.

எங்கள் வீட்டு விற்பனைப் பத்திரத்தில் 'மாவடை மரவடை உட்பட' என்று ஒரு தொடர் இருந்தது. எத்தனையோ பத்திரங்களில் கண்ட தொடர். அதனால் அதைப் படிக்காமலே கையொப்பமிட்டோம். இப்போது கப்பல் சீட்டின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினோம். கொல்லையில் தென்னை ஆறு. முருங்கை இரண்டு. கிணற்றடியில் எலுமிச்சை ஒன்று. வேம்பு ஒன்று. மா ஒன்று, புளிப்பு. இல்லத்தரசியார் அவ்வீட்டுக்கு மருமகளாய் வந்தவர்; இருந்தது சில மாதங்களே. அவர், "நெல்லி?" என்றார். நெல்லி இருந்ததா என்பது எங்களுக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது, அதில் ஊறுகாய் போட்டவர் அவர்.

வாத்தியில் விளக்குகள் ஏற்றும் நேரம். கோவையில் இரவு உணவு முடிந்திருக்கும். தொலைபேசியில் அன்னையாரை அழைத்தோம். எங்கிருந்து பேசுகிறோம் என்று அவர் கேட்கவில்லை. பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தோம். சற்று நேரம் ஓசை இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினோம்.

"நெல்லி உண்டு. எழுதினாயா?" என்றார். "தென்னை ஆறில்லையப்பா, ஏழு. மேலண்டைச் சுவரோரம் இடி விழுந்து மொட்டையாய் நின்றதே, அதை விட்டுவிட்டாய். அதையும் எழுதிக்கொள்."